நெடும்பந்தயமும் சாமானியன் சரீரமும்

1977-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஓவாஹு தீவில், தொடர் ஓட்டப் பந்தயம் ஒன்று முடிந்து பரிசளிப்பு விருந்து நடந்துகொண்டிருந்தபோது, ஓட்டக்காரர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் இடையே, சரீர வலிமையில் சிறந்தவர் யார் என்ற பழைய தர்க்கம் மறுபடியும் கிளம்பிற்று. அமெரிக்கக் கடற்படையில் கமாண்டராக இருந்த ஜான் காலின்ஸ் என்பவர், நிமிஷம் ஒன்றுக்குச் செலவிடும் பிராணவாயுவின் அளவில் பெல்ஜியம் தேசத்துச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸே எல்லோரையும் விஞ்சியவர் என்று தாம் ஒரு பத்திரிகையில் படித்திருந்ததை எடுத்துச் சொன்னார். பிறகு, அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த வைகீகிக் கடல் நீச்சலையும், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தையும், ஹொனலுலு மாரத்தானையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்துவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு யோசனையும் கூறினார். நீச்சல் 3.86 கிலோமீட்டர், சைக்கிள் 180 கிலோமீட்டர், அதன்பின் ஓட்டம் 42.195 கிலோமீட்டர். முதலில் வருகிறவரை இரும்பு மனிதர் என்று அழைப்போம் என்று அவர் சொன்னதிலிருந்துதான் அயர்ன்மேன் என்ற பெயர் உண்டாயிற்று. விருந்துக்குப் பின் கௌரவமான மனிதர்கள் பேசும் பேச்சில் பெரும்பாலானவை மறுநாள் காலையிலேயே மறந்துபோகும், இது மறக்கப்படவில்லை.

1978 பிப்ரவரி 18-ஆம் தேதி காலையில் பதினைந்து பேர் கடலில் இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் பந்தயத்தை முடித்தார்கள். முதலாவதாக வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி பிடித்தது. மூன்று விளையாட்டுகளையும் ஒன்று சேர்த்து நடத்தும் டிரையத்லான் என்ற போட்டி 1974-லேயே கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் தோன்றிவிட்டது. காலின்ஸ் தம்பதிகளும் அதில் கலந்துகொண்டவர்களே. ஆனால் அது ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும் சிறு தூரம். ஓவாஹுவில் குறிக்கப்பட்ட தூரத்தை அதற்குமுன் எவரும் ஒரே நாளில் கடந்ததில்லை. ஆகவே அன்று கடற்கரையில் நின்ற பதினைந்து பேரும் கன்னி முயற்சிக்காரர்கள். தொழில்முறை வீரர் என்று சொல்லத்தக்கவர் அவர்களில் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தரவும் ஆள் கிடையாது. வெகுநேரம் முன்னணியில் இருந்த ஜான் டன்பார், ஓட்டத்தின் நடுவே தம் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோனதால், அவர்கள் கையிலிருந்த பீரைக் குடித்துத் தள்ளாடியவாறு ஓடி, அரை மணிக்கும் அதிகமாகப் பின்தங்கி இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

பிராணவாயுவை முன்வைத்துத் தொடங்கிய ஒரு வாதம், தண்ணீரிலும் ஆகாரத்திலும் போய்த் தீர்ந்ததைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்துக்குப் போய்க்கொண்டும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டும், விடிவதற்குமுன் எழுந்து அப்பியாசம் செய்து, தமது முப்பத்தைந்தாவது அல்லது நாற்பதாவது வயதில் முதன்முறையாக இந்த நெடும்பந்தயத்தில் இறங்கத் துணியும் சாமானிய மனிதர் ஒருவருடைய சரீரத்தில் என்ன நிகழ்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். அவருக்கு டன்பாரின் அனுபவம், மெர்க்ஸின் நுரையீரலைக் காட்டிலும் பயனுள்ள பாடம் என்பது என் அபிப்பிராயம்.

பிராணவாயுவின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஏ. வி. ஹில், மற்றவர்களை ஓடவைத்துத் தாம் நிழலில் நின்று குறிப்பெழுதும் ரகத்தைச் சேர்ந்தவர் அல்லர். முதுகில் ஒரு பெரிய காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்வி, புல்தரைப் பாதையில் தாமே சுற்றிச் சுற்றி ஓடி, வெளிவிட்ட மூச்சைப் பையில் சேகரித்து, அதில் பிராணவாயு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டார். வேகம் கூடக்கூடப் பிராணவாயுவின் செலவும் கூடிக்கொண்டே போய், நிமிஷத்துக்குச் சுமார் நான்கு லிட்டரை எட்டியபின், எவ்வளவு முயன்று ஓடினாலும் அதற்குமேல் ஏற மறுத்துவிட்டது. ஹார்ட்லி லப்டனோடு சேர்ந்து 1923-ல் அவர் வெளியிட்ட இந்த முடிவிலிருந்தே, ஒவ்வொரு சரீரத்துக்கும் பிராணவாயுவை உபயோகிப்பதில் ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கருத்து வேரூன்றியது.

இந்த உச்சவரம்பை அப்பியாசத்தால் உயர்த்த முடியும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் உயர்வதில்லை. 98 குடும்பங்களைச் சேர்ந்த, அதற்குமுன் அப்பியாசப் பழக்கமே இல்லாத 481 பேருக்கு இருபது வாரங்கள் ஒரே முறையில் சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்த பூஷாரும் அவருடைய சகாக்களும் 1999-ல் வெளியிட்ட முடிவில், உச்ச அளவு சராசரியாக நிமிஷத்துக்கு 400 மில்லிலிட்டர் உயர்ந்திருந்தது. சிலருக்கு அது அநேகமாக உயரவேயில்லை. சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. அப்பியாசத்துக்கு இணங்கும் சுபாவமே பெருமளவு பிறவியில் வருவது என்பதைக் குடும்பங்களுக்கிடையே கண்ட வேற்றுமை காட்டிற்று. இதைப் படித்துவிட்டு, நம் பாட்டனார் கொடுத்தது இவ்வளவுதான் என்று சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி உட்காரத் தேவையில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம்.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சுமார் எழுபது கலோரி செலவழிக்கிறார். மாரத்தானுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆகும். சைக்கிளுக்கு நாலாயிரத்தை ஒட்டியும், நீச்சலுக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வைத்துக்கொண்டால், மொத்தம் எண்ணாயிரம் கலோரி. பன்னிரண்டரை மணி நேரத்தில் முடிப்பவருக்கு இது மணிக்கு 640 கலோரி. ஒரு லிட்டர் பிராணவாயு சுமார் ஐந்து கலோரியைத் தரும் என்பதால், அவர் நிமிஷத்துக்குச் செலவிடும் பிராணவாயு இரண்டு லிட்டரைச் சற்றே தாண்டும். அப்பியாசம் செய்த சாமானியருடைய உச்சவரம்பு மூன்றரை லிட்டர் இருக்கும். ஆக, பந்தயம் முழுவதும் அவருடைய இருதயமும் நுரையீரலும் தங்கள் சக்தியில் அறுபது சதவிகிதத்தை மட்டுமே உபயோகித்துக்கொண்டிருக்கின்றன. மூச்சு முட்டி விழுகிறவர்கள் இந்தப் பந்தயத்தில் அபூர்வம். விழுகிறவர்கள் வேறு காரணங்களால் விழுகிறார்கள்.

அந்தக் காரணங்களில் முதன்மையானது, சரீரம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை மிகவும் கொஞ்சம் என்பது. கிளைகோஜன் என்ற உருவில் கல்லீரலில் சுமார் நூறு கிராமும், தசைகளில் நானூறு கிராமும் இருக்கும். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் கலோரி. கொழுப்பின் நிலைமையோ இதற்கு நேர்மாறு: மெலிந்த மனிதரிடத்தில்கூட எழுபதாயிரம், எண்பதாயிரம் கலோரிக்கான கொழுப்பு இருக்கிறது. ஆனால் அது விரைவாகக் கைக்கு வராத செல்வம். சாதாரணமாக நிமிஷத்துக்கு அரை கிராமுக்கு மேல் கொழுப்பை எரிக்கத் தசைகளால் முடிவதில்லை. அதாவது மணிக்கு 270 கலோரி. வேகத்தைக் கூட்டினால் இந்த அளவும் கூடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஓர் எல்லைக்கு மேல் வேகம் கூடும்போது தசைகள் கொழுப்பை விட்டுச் சர்க்கரையை நாடுவதால், கொழுப்பின் பங்கு குறையவே செய்யும்.

தசைக்குள் இருக்கும் சர்க்கரையைக் கண்ணால் கண்டு அளந்தது ஸ்டாக்ஹோம் நகரத்து வைத்தியர்கள் இருவர். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து டூஷேன் உபயோகித்த ஊசியொன்றைத் திருத்தியமைத்து, தொடைத் தசையிலிருந்து கடுகளவு துணுக்கு ஒன்றை அதிகத் துன்பமின்றி எடுத்துவிடும் முறையை 1962-ல் ஏற்படுத்தியிருந்தார். அவரும் எரிக் ஹுல்ட்மனும் சேர்ந்து 1966-ல் செய்த பரிசோதனை, எளிமையாலும் துணிச்சலாலும் இன்றைக்கும் படித்து மகிழத்தக்கது. நிலையாகப் பொருத்தப்பட்ட ஒரே சைக்கிளின் இரு பக்கத்திலும் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் தம் ஒரு காலால் ஒரு மிதிகட்டையையும், மற்றவர் தம் ஒரு காலால் மறு மிதிகட்டையையும் மிதித்தார்கள். மற்றக் காலுக்கு வேலையில்லை. இனி முடியாது என்னும் வரையில் மிதித்தபின், இரண்டு தொடைகளிலும் ஊசியைச் செலுத்திப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைகோஜன் அநேகமாக வற்றிப்போயிருந்தது. உழைக்காத காலில் இருந்தது இருந்தபடியே இருந்தது. ஒரு கால் பட்டினி கிடக்கையில், அதே உடம்பின் மறுகால் தன் சேமிப்பிலிருந்து ஒரு மணியைக்கூட அதற்குக் கடன் கொடுப்பதில்லை! அடுத்த மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த ஆகாரத்தை உண்டுவந்தார்கள். உழைத்த கால் பழைய அளவை எட்டியதோடு நில்லாமல், ஓய்ந்திருந்த காலைப் போல் இரண்டு மடங்கு கிளைகோஜனைச் சேர்த்துக்கொண்டுவிட்டது.

அடுத்த ஆண்டு இவர்கள், ஹெர்மன்சென், சால்டின் என்ற இருவரோடு சேர்ந்து, ஆகாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சிலரை ஒரே கடுமையில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். கொழுப்பும் புரதமும் மட்டும் தின்றவர்கள் சராசரியாக 57 நிமிஷத்தில் ஓய்ந்துபோனார்கள். சாதாரணச் சாப்பாடு சாப்பிட்டபோது 114 நிமிஷம் தாங்கினார்கள். மாவுச்சத்து மிகுந்த சாப்பாட்டுக்குப்பின் 167 நிமிஷம். பந்தயத்துக்கு முந்தின நாட்களில் உலகெங்கும் ஓட்டக்காரர்கள் சோற்றையும் உருளைக்கிழங்கையும் தாராளமாகச் சாப்பிடுவதற்கு மூலாதாரம் இந்த எண்களே.

இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோனால் என்ன ஆகும் என்பது இதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1924-ல் பாஸ்டன் மாரத்தானை முடித்து வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்த லெவின், கார்டன், டெரிக் என்ற வைத்தியர்கள், முகம் வெளுத்து, கைகால் நடுங்கி, புத்தி தடுமாறிய நிலையில் வந்து சேர்ந்தவர்களிடத்தில் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்திருக்கக் கண்டார்கள். மறு வருஷம், சிலருக்கு முந்தின நாள் மாவுச்சத்துள்ள உணவையும் ஓட்டத்தின் நடுவே மிட்டாயையும் கொடுத்தபோது, அவர்கள் நல்ல நிதானத்தோடு வந்து சேர்ந்தார்கள். மிட்டாய் தின்றால் தீரும் வியாதி என்று 1925-லேயே தெரிந்துவிட்ட ஒன்றுக்கு, அதன்பின் பல பத்தாண்டுகள் வரை, ஓட்டத்தின் நடுவே சாப்பிடுவதும் குடிப்பதும் பலவீனம் என்ற வீம்பினால் எத்தனையோ நல்ல ஓட்டக்காரர்கள் பலியானார்கள்.

இப்போது நம் சாமானியருடைய வரவு செலவைக் குடும்பக் கணக்கு எழுதுவது போல எழுதிப் பார்க்கலாம். செலவு, மணிக்கு 640 கலோரி. கொழுப்பிலிருந்து வரவு 270. சைக்கிளில் போகும்போதும் ஓடும்போதும் வாய்வழியாக உட்கொள்ளும் சர்க்கரை மணிக்கு 60 கிராம் என்றால் அதிலிருந்து 240. துண்டு விழுவது மணிக்கு 130 கலோரி. பன்னிரண்டரை மணி நேரத்தில் இது சுமார் 1,600 கலோரி. சேமிப்பில் இருப்பது இரண்டாயிரம். கணக்கு நேராகிவிட்டது, கையிருப்பும் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆனால் அவர் சைக்கிளில் ஏறிய உற்சாகத்தில், பக்கத்தில் போகிறவரைத் துரத்திக்கொண்டு மணிக்கு 800 கலோரி வீதம் செலவழிக்கத் தொடங்கினால், கூடிய செலவு முழுவதும் கிளைகோஜனிலிருந்தே போவதோடு, கொழுப்பின் வரவும் சுருங்கிவிடும். ஆறு மணி நேரச் சைக்கிள் முடிவதற்குள் இருப்புத் தீர்ந்துபோய், மாரத்தான் முழுவதையும் கொழுப்பையும் வாய்வழிச் சர்க்கரையையும் மட்டும் நம்பி நடக்க வேண்டியதாகும். முதல் பந்தயக்காரர்களில் மாரத்தானின் பின்பாதியை நடந்தே முடிப்பவர்களில் பெரும்பாலோரின் சரித்திரம், சைக்கிளின் முதல் இரண்டு மணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அப்படியானால் மணிக்கு 60 கிராமுக்குப் பதிலாக 120 கிராம் சாப்பிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். குடலின் சுவரில் குளுக்கோஸை உள்ளே வாங்கும் புரதக் கதவுகள் எண்ணிக்கையில் வரம்புள்ளவை. மணிக்கு ஏறத்தாழ 60 கிராமோடு அவை நிரம்பிவிடுகின்றன. எஞ்சியது குடலிலேயே தங்கி, தண்ணீரை இழுத்து, வயிற்றைக் குமட்டி, பந்தயத்தையே கெடுக்கும். பழங்களில் உள்ள ஃப்ரக்டோஸ் வேறொரு கதவு வழியாக உள்ளே போவதால், இரண்டையும் கலந்து உட்கொண்டால் மணிக்கு 90 கிராம் வரை போகலாம் என்பதை ஆஸ்கர் யூகென்டிரப் முதலானோர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிரூபித்தார்கள். குடலும் அப்பியாசத்துக்கு உட்பட்டதே. வாரக் கடைசியில் செய்யும் நீண்ட சைக்கிள் சவாரியின்போது, பந்தயத்தன்று சாப்பிடப் போவதையே, அதே நேரக் கணக்கில் சாப்பிட்டுப் பழகியவர்களின் குடல் அதற்கு இணங்கிவிடுகிறது. விலையுயர்ந்த சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள், தங்கள் வயிற்றைப் பற்றிப் பந்தயத்துக்கு முந்தின இரவுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

1982 பிப்ரவரியில், பந்தயம் ஹவாய்ப் பெருந்தீவுக்கு மாறியதற்கு மறு ஆண்டு, ஜூலி மாஸ் என்ற கலிபோர்னியாக் கல்லூரி மாணவி, உடற்பயிற்சி சம்பந்தமான தம் ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டிய விஷயத்தைத் தாமே அனுபவித்துச் சேகரிப்பதற்காக இதில் சேர்ந்தார். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த அவர், முடிவுக் கோட்டை நெருங்கிய சமயத்தில் கால் மடங்கி விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். கோட்டுக்குச் சில அடிகளே மிச்சமிருக்கையில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து முதலிடத்தைப் பெற்றுவிட, மாஸ் நாலு காலால் தவழ்ந்து 29 விநாடி பிந்தி வந்து கோட்டைக் கையால் தொட்டார். தொலைக்காட்சியில் இதைக் கண்ட ஜனங்களால் பந்தயத்தின் கீர்த்தி எங்கும் பரவிற்று. எரிபொருளின் பற்றாக்குறையும், நீரிழப்பும், தசைகளின் சோர்வும் அந்தச் சில நிமிஷங்களில் என்ன விகிதத்தில் கலந்திருந்தன என்று பிரித்துச் சொல்லப் புகுவது வீண். ஆனால் அவர் பேசினார், எங்கே போக வேண்டும் என்பதை அறிந்திருந்தார், கால்கள் மட்டும் கட்டளைக்குப் பணியவில்லை.

அப்பியாசம் சரீரத்தை மாற்றும் விதத்துக்கு வருவோம். தடகள வீரர்களின் இருதயம் பெரிது என்பதை ஸ்வீடன் தேசத்து ஹென்ஷன் 1899-லேயே, எக்ஸ்ரேயின் உதவியின்றி, பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களின் மார்பை விரலால் தட்டி ஓசையைக் கொண்டே கண்டறிந்து சொன்னார். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளித்தள்ளும் இரத்தம் கூடிவிடுகிறது. புதிதாகப் பயிற்சியில் இறங்கியவருக்கு இரண்டாம் வாரத்திலேயே எல்லாம் சுலபமாகிவிட்டது போன்ற மயக்கம் தோன்றுவது இதனால்தான். ஆனால் நெடும்பந்தயத்துக்கு வேண்டிய முக்கிய மாறுதல் தசையின் உள்ளே, மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகளில் நிகழ்வது; அதற்கு மாதங்கள் தேவை. 1967-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோஸி, எலிகளைப் பன்னிரண்டு வாரங்கள் ஓடும் பட்டையில் ஓட்டிப் பழக்கி, அவற்றின் கால் தசைகளில் பிராணவாயுவை உபயோகிக்கும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டதைக் காட்டினார். மைட்டோகாண்ட்ரியா பெருகப் பெருக, அதே வேகத்தில் போகும்போது தசை கொழுப்பை அதிகமாகவும் சர்க்கரையைக் குறைவாகவும் எரிக்கிறது. மேலே எழுதிய வரவு செலவில், நிமிஷத்துக்கு அரை கிராமாக இருந்த கொழுப்பு முக்கால் கிராமாக உயருமானால், துண்டு விழுந்த 130 கலோரி முழுவதும் அடைபட்டுவிடும்.

ஆகவேதான் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள், பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான வேகத்தில், பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியைக் கழிக்கச் சொல்கிறார்கள். இதைக் கேட்பதற்கு மனமுள்ள புதியவர்கள் குறைவு. வாரத்துக்குப் பத்து மணி நேரமே கிடைக்கும் ஒருவருக்கு, அந்தப் பத்து மணியையும் மூச்சு வாங்க வாங்கச் செலவழித்தால்தான் பிரயோஜனம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அவ்விதம் செய்கிறவர் அடுத்த நாள் பயிற்சிக்கு உதவாமல் போவதோடு, மூன்றாம் மாதத்தில் கெண்டைக்கால் வலியோடு வைத்தியரிடம் போய் நிற்பார்.

வைத்தியரிடம் அவரைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் தசைநாண்களே. இருதயம் வாரக்கணக்கில் வலுப்பெறுகிறது, தசை மாதக்கணக்கில். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாணின் கதை வேறு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் நடத்திய அணுகுண்டுப் பரிசோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் மிகுந்து, அது தாவரங்கள் வழியாக மனிதர்களின் உடம்பிலும் ஏறிற்று. பின்னர் அது ஆண்டுக்காண்டு குறைந்துவந்ததால், உடம்பின் எந்தப் பகுதி எந்த வருஷத்தில் உண்டாயிற்று என்பதற்கு அந்தக் கார்பனே தேதி முத்திரையாக அமைந்துவிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹைன்மையர் முதலானோர் 2013-ல் இந்த முறையால் குதிகால் நாண்களைப் பரிசோதித்தபோது, அவற்றின் நடுப்பகுதி மனிதருடைய முதல் பதினேழு வயதுக்குள் உருவானதென்றும், அதன்பின் அது அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லையென்றும் தெரியவந்தது. நாற்பது வயதில் மாரத்தானுக்குப் பயிற்சி செய்கிறவர், பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓடி விளையாடிய நாளில் உண்டான அதே நாணைக் கொண்டுதான் ஓடுகிறார். ஒவ்வோர் அடியிலும் தரை திருப்பித் தாக்கும் விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டத் தூரத்தை வாரம்தோறும் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும் என்ற பழைய எச்சரிக்கையின் நியாயம் விளங்கும்.

நீச்சலில் நிலைமை வேறு. அங்கே வலிமையைக் காட்டிலும் வித்தையே பிரதானம். தண்ணீர் காற்றைப் போல் எண்ணூறு மடங்கு அடர்த்தியுள்ளது. 1990-ல் நெதர்லாந்து தேசத்து ஹுப் டூசான், நீச்சல் வீரர்களையும் டிரையத்லான்காரர்களையும் ஒப்பிட்டு அளந்தபோது, நீச்சல் வீரர்கள் தங்கள் கைகளால் செலுத்தும் சக்தியில் 61 சதவிகிதம் அவர்களை முன்னே தள்ளப் பயன்பட்டது. டிரையத்லான்காரர்களுக்கு 44 சதவிகிதம்தான். மீதி, தண்ணீரைப் பின்னால் தள்ளுவதிலேயே விரயமாயிற்று. சிறுவயதில் ஆற்றிலோ கிணற்றிலோ நீந்திப் பழகியதோடு நின்றுவிட்ட ஒருவர், தலையைத் தூக்கிக்கொண்டும் இடுப்பையும் காலையும் தாழவிட்டுக்கொண்டும் நீந்துகையில், தம் முழு உடம்பையும் ஒரு தடுப்பணையாக்கிக்கொண்டு அதை இழுத்துச் செல்கிறார். அவருக்கு வாரத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நீந்துவதால் கிடைக்கும் லாபத்தைவிட, நல்ல ஆசிரியர் ஒருவர் கரையில் நின்று பார்த்துச் சொல்லும் திருத்தத்தால் கிடைக்கும் லாபம் பெரிது. சைக்கிளில் பகை காற்று; மணிக்கு முப்பது கிலோமீட்டரில் எதிர்ப்பின் பெரும்பகுதி காற்றினால் வருவதாலும், அதை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதாலும், குனிந்து உட்காரப் பழகுவதே மலிவான மருந்து.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும்போது கால்கள் பிறத்தியாருடைய கால்கள் போலத் தோன்றும். ஆறு மணி நேரம் ஒரே தாளத்தில் வட்டமாகச் சுழன்ற கால்களுக்கு, அடியெடுத்து வைத்து உடலைத் தாங்கும் வேலை சட்டென்று கைவராது. சைக்கிளை முடித்த கையோடு சிறிது தூரம் ஓடும் பயிற்சியை வாரம் ஒருமுறையாவது செய்துவந்தால், பந்தயத்தன்று இந்த விநோத உணர்ச்சி கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

உஷ்ணத்தின் கணக்கு இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே இயக்கமாகிறது. மணிக்கு 640 கலோரியில் ஐந்நூறு உஷ்ணமாகிவிடும். அதை வெளியேற்ற வழியில்லாவிட்டால் எழுபது கிலோ உடம்பின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் எட்டு டிகிரிக்கு மேல் ஏறிவிடும், அதாவது ஆளை முடித்துவிடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 580 கலோரியை எடுத்துச் செல்வதால் மனிதன் பிழைக்கிறான். ஆனால் ஆவியாக வேண்டும். ஹவாய்ப் பெருந்தீவின் கருகிய எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலையில், ஈரக் கடற்காற்றில், வியர்வை பெருமளவு ஆவியாகாமல் சொட்டிப்போய்விடுகிறது. சென்னையின் வைகாசி மாதத்தை அறிந்த வாசகர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினாலு நாட்கள் வெயிலில் அப்பியாசம் செய்தால் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரந்து, அதில் உப்பின் அளவு குறைந்து, சரீரம் உஷ்ணத்துக்கு இணங்கிவிடும்.

வியர்த்ததை எல்லாம் தண்ணீரால் நிரப்பிவிட வேண்டும் என்ற உபதேசம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓங்கி ஒலித்தது. அதன் மறுபக்கத்தை முதலில் சுட்டிக்காட்டியவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ். நெடுந்தூரப் பந்தயங்களில் மயங்கி விழுந்த நான்கு பேர், தண்ணீர் போதாமல் விழவில்லை, அதிகமாகக் குடித்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதால் விழுந்தார்கள் என்று 1985-ல் அவர் எழுதினார். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது அவர்களில் 13 சதவிகிதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடத்தும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடத்தும் அது மிகுந்து காணப்பட்டது. மெதுவாகச் செல்பவருக்கே இந்த ஆபத்து அதிகம் என்பது முதல் பந்தயக்காரர் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி: அவருக்குக் குடிப்பதற்கு நேரம் நிறைய இருக்கிறது, வியர்ப்பது குறைவாக இருக்கிறது, வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது. தாகத்தின் அளவுக்குக் குடித்தால் போதும் என்பதே இப்போது பல வைத்தியர்களின் கட்சி.

பந்தயம் முடிந்தபின் நடப்பதையும் சொல்லிவிடலாம். கிளைகோஜன் இரண்டொரு நாள் நல்ல சாப்பாட்டில் நிரம்பிவிடும். தொடையின் வலி மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் அதிகமாக இருக்கும். இவ்வாறு தாமதித்து வரும் வலி தசை நார்கள் கிழிவதால் உண்டாவது என்று அமெரிக்காவில் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதினார். நீண்டுகொண்டே சுருங்க முயலும் தசைதான் இவ்விதம் சேதமடைகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தை வாங்கிக்கொண்டு தொடைத் தசை அப்படித்தான் வேலை செய்கிறது, சைக்கிள் மிதிப்பதில் அந்த வேலை அநேகமாக இல்லை. ஆகையால் 180 கிலோமீட்டர் சைக்கிளும் 42 கிலோமீட்டர் ஓட்டமும் முடித்த மனிதர், மூன்றாம் நாள் மாடிப்படியில் ஏறிவிடுவார். இறங்குவதற்குக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, திரும்பி நின்று, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்குவார். அன்றைக்கே அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டால் கடைத்தெருவுக்குப் போய் வந்துவிடுவார்.